கம்பியில்லாக் கருவியின் கம்பிகள்

அரபு மொழியில் வானொலித் தொடர்புக்கு ‘லாஸில்கீ’ என்று பெயர். ‘ஸில்க்’ என்றால் கம்பி. ‘லா’ அதனை மறுக்க வந்த சொல். தமிழிலும் அதற்கு முதன்முதலாக வழங்கிய பெயர் ‘கம்பியில்லாத் தந்தி’ என்பதே. இரு மொழியாரும் அக்கருவியிடம் இல்லாத ஒன்றைக் கொண்டே அதற்குப் பெயர் சூட்டினர். இப்பொருத்தத்தை வகுப்பில் எடுத்துரைத்து மாணவரை மகிழ்விப்பது நமக்கு நெடுநாள் வழக்கம்.

அவ்வழக்கத்தில் ஒரு திருத்தம் செய்ய நேர்ந்தது. நம்மிடம் ஸர்ஃபும் நஹ்வும் ஓதிக்கொண்டிருந்து, குடும்பத்தின் நெருக்கடியால் ஓதலை இடையில் நிறுத்திவிட்டு வளைகுடா நாடொன்றுக்குப் பிழைக்கச் சென்ற மாணவர் ஒருவர் விடுப்பில் ஊர் வந்திருந்தார். பாலைவனத்தில் எண்ணெய்க் கிணறுகளுக்கு ஓடும் ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளில் இருவழி வானொலியைப் பொருத்திக் கொடுப்பது அவருக்குத் தொழில். நாம் பழைய பெயர் விளக்கத்தை அவரிடமும் எடுத்துவிட்டோம். அவர் சிரித்துக்கொண்டே, “பேருதான் லாஸில்கீ, ஹஜ்ரத். எங்களுக்கு வேலையெல்லாம் ஸில்க்கில்தான்” என்றார்.

பிறகு நம் நாட்காட்டியின் பின்புறத்தில் படம் வரைந்து விளக்கலானார். கருவியின் உடலை வண்டியின் எஃகோடு திருகி இறுக்க வேண்டும். இருக்கையின் மேல் வைத்துப் பட்டையால் கட்டிய கருவி, வண்டி கவிழும் வேளையில் தலையை உடைக்கும் கருங்கல்லாகிவிடும். மின்கலத்திலிருந்து தடித்த கம்பி நேராக வர வேண்டும். விளக்குக்குப் போகிற கம்பியில் கிளை பிடித்தால், பேசுவதற்குப் பொத்தானை அழுத்திய மாத்திரத்தில் மின்னழுத்தம் தாழ்ந்து கருவி நலிந்துவிடும். ஃபியூஸ் மின்கலத்தின் அருகிலேயே அமைய வேண்டும். எஃகுச் சுவரைத் துளைத்துக் கம்பி நுழையும் இடத்தில் ரப்பர் வளையம் இல்லையேல், ஓட்டத்தின் அதிர்வில் உறை தேய்ந்து, கம்பி எஃகைத் தொட்டு, வண்டியே தீப்பற்றும். ஏரியல் அமரும் இடத்தில் வர்ணத்தைச் சுரண்டிவிட்டு எஃகோடு எஃகு பொருந்தச் செய்ய வேண்டும். இவ்வளவையும் செய்து முடித்தபின், பார்ப்பவர் கண்ணுக்கு ஒரு கம்பியும் தெரியலாகாது. அழகுக்காக மட்டுமன்று, கண்ணில் படுகிற கம்பி காலிலும் படும், காலில் பட்ட கம்பி ஒருநாள் அறும் என்றார்.

அவர் சென்றபின் அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு வாகனத்துக்குள் இக்கருவி எவ்வாறு இடம் பெற்றது, அவ்விடம் கிடைக்குமுன் பாலையில் சென்றோர் நிலை யாது என்று தேடப் புகுந்த நம்மைப் படித்த நூல்களெல்லாம் ஒரே ஊரில் கொண்டுபோய் நிறுத்தின. அவ்வூர், லிபியாவின் தென்கிழக்கே மணற்கடலின் நடுவே அமைந்த குஃப்ரா.

கெய்ரோவிலிருந்து குஃப்ரா நேர்கோட்டில் ஏறத்தாழ 1000 கிலோமீட்டர். அங்கிருந்து தென்கிழக்கே சுமார் 300 கிலோமீட்டரில் உவைனாத் மலை. ‘சின்னஞ்சிறு ஊற்றுகள்’ என்பது அப்பெயரின் பொருள். கெய்ரோவின் அல்அஸ்ஹரில் ஆசிரியராயிருந்த அறிஞர் ஒருவரின் மைந்தரும் ஆக்ஸ்ஃபோர்டில் பயின்றவருமான அஹ்மத் ஹஸனைன் பே, 1923இல் ஒட்டகங்களோடு மத்தியதரைக் கடலோரத்திலிருந்து புறப்பட்டுக் குஃப்ரா வழியாக உவைனாதை அடைந்து, அதன் நீரூற்றை உலகின் நிலப்படத்தில் ஏற்றினார். ஸூடானில் முடிந்த அப்பயணத்தின் நீளம் 2200 மைல். அவருக்குத் துணை வழிகாட்டிகள். கைதேர்ந்த பாலைவழிகாட்டியை அரபியர் ‘கிர்ரீத்’ என்பர். ஊசியின் காதளவு இடுக்கிலும் வழி காண்பவன் என்று அகராதியாளர் இச்சொல்லுக்குப் பொருள் விரிப்பர். கிர்ரீதின் அறிவெல்லாம் அவன் தலைக்குள் இருந்தது. அவன் வழியில் மாண்டால் அதுவும் மாளும். அவன் கண்ட ஆபத்தை மற்றோர் ஊருக்கு உரைக்க அவன் காலே நடக்க வேண்டும்.

இதன் விலை என்னவென்பதை 1931 காட்டியது. அவ்வாண்டு ஜனவரியில் இத்தாலியப் படை விமானங்களின் துணையோடு குஃப்ராவைக் கைப்பற்றிற்று. ஸனூஸி இயக்கத்தாரின் கடைசிப் புகலிடம் அது. உமர் முக்தார் வடக்கே மலைநாட்டில் இன்னும் போராடிக்கொண்டிருந்தார். செப்டம்பர் 16இல் அவரைத் தூக்கிலிட்டனர். குஃப்ராவின் மக்களோ பெண்டு பிள்ளைகளோடும் கால்நடைகளோடும் பாலைக்குள் ஓடினர். உவைனாதை அடைந்தவர்களுக்கு அங்கே மேய்ச்சல் இல்லை. அங்கிருந்து எகிப்தின் தாக்லா ஊருக்கு 500 கிலோமீட்டருக்கும் மேல். இடையில் ஒரு கிணறும் இல்லை. பலர் வழியிலேயே தாகத்தால் மாண்டனர். எகிப்து அரசின் பாலைநில அளவைத் துறையில் பணியாற்றிய பாட் கிளேட்டன் என்னும் ஆங்கிலேயர் அந்நாளில் அப்பகுதியில் மோட்டார் வண்டிகளோடு நிலம் அளந்துகொண்டிருந்தார். அகதிகளை எதிர்ப்பட்ட அவர், அளவையை விட்டுவிட்டு அவர்களை மீட்பதில் இறங்கினார். பல உயிர்கள் அவரால் பிழைத்தன. ஆனால் அவர் அவ்வழியே வந்தது தற்செயல். உவைனாதில் இத்தனை பேர் நீரும் உணவும் இன்றித் தவிக்கின்றனர் என்று தாக்லாவுக்கோ கெய்ரோவுக்கோ அன்றே அறிவிக்க வழியில்லை. யாரேனும் நடந்து வந்து சொன்னாலன்றித் தெரியாது. அவ்வாறு நடந்தவர்கள்தாம் வழியில் வீழ்ந்துகொண்டிருந்தார்கள்.

கிளேட்டனின் பெயரை வாசகர் நினைவில் வைக்க வேண்டுகிறோம். பத்தாண்டு கழித்து அதே குஃப்ரா வழியில் அவரை மீண்டும் சந்திப்போம்.

வானொலி பாலைவண்டிக்குள் முதலில் நுழைந்தது பேசுவதற்காக அன்று, மணி பார்ப்பதற்காக. திசையும் அடையாளமும் அற்ற மணலில் ‘நாம் எங்கே நிற்கிறோம்’ என்று அறிய இரண்டு அளவுகள் வேண்டும். அரபு நூலார் அவற்றை ‘அர்ளுல் பலத்’, ‘தூலுல் பலத்’ என்பர். ஊரின் அகலம், ஊரின் நீளம். அகலத்தை, அதாவது அட்சரேகையை, விண்மீனின் உயரத்தைக் கொண்டு கணித்துவிடலாம். நீளமாகிய தீர்க்கரேகையோ நேரத்தைக் கேட்கும். பூமி ஒரு மணிக்கு 15 பாகை சுழல்கிறது. ஆகவே, இங்குள்ள நேரத்துக்கும் அளவு தெரிந்த ஓர் ஊரின் நேரத்துக்கும் உள்ள வேறுபாடே தீர்க்கரேகை வேறுபாடு. குஃப்ராவின் அட்சரேகையில் கடிகாரம் ஒரு நொடி பிழைத்தால் இடம் ஏறத்தாழ 420 மீட்டர் பிழைக்கும். ஒரு நிமிடம் பிழைத்தால் 25 கிலோமீட்டர். கிணற்றைத் தேடுபவனுக்கு அது மரண தண்டனை.

இருவேறு ஊரில் உள்ளோர் ஒரே கணத்தை எவ்வாறு அறிவது? இக்கேள்வியை அல்பிரூனி எதிர்கொண்ட விதம் நினைக்குந்தோறும் வியப்பளிப்பது. ஹிஜ்ரி 387இல், அதாவது 997ஆம் ஆண்டு மே மாதத்தில், சந்திர கிரகணம் ஒன்று நேர்ந்தது. குவாரிஸ்மின் காத் நகரிலிருந்து இளைஞரான அல்பிரூனியும், பக்தாதிலிருந்து அபுல் வஃபாவும் முன்னரே பேசி வைத்துக்கொண்டு அந்த ஒரே கிரகணத்தை நோக்கினர். இருவர் குறித்த நேரங்களுக்கும் சுமார் ஒரு மணி வேறுபாடு. இரு நகரின் தீர்க்கரேகை வேறுபாடு அதனால் கிடைத்தது. நகரங்களின் நிலையைக் கணிக்கும் முறை பற்றிப் பின்னாளில் ஒரு முழு நூலையே அவர் இயற்றினார். கிப்லாவின் திசை காணவும் அக்கணக்கு வேண்டியிருந்தது. ஆனால் கிரகணம் நாம் வேண்டியபோது வராது. வந்தாலும் மற்றவர் கண்ட நேரம் நம்மை வந்தடையத் திங்கள் பல ஆகும்.

1910இல் பாரிஸின் ஈஃபெல் கோபுரத்திலிருந்து நேரக் குறியை வானலையில் அனுப்பத் தொடங்கியதும் இத்துன்பம் தீர்ந்தது. 1924 முதல் பி.பி.சி. ஒலிபரப்பிய ஆறு ‘பிப்’ ஒலிகளை நம் வாசகர் பலர் கேட்டு வளர்ந்திருப்பர். அந்த ஒலி பாலையில் தியோடலைட்டோடு அமர்ந்திருந்தவனுக்கு நாள்தோறும் நிகழும் கிரகணம்.

இனி ரால்ஃப் பாக்னோல்டிடம் வருவோம். பிரிட்டிஷ் படையின் தொடர்புப் பிரிவில் அதிகாரியாயிருந்த இவர், 1932 வரை தம் விடுமுறைகளில் நண்பர்களோடு ஃபோர்டு வண்டிகளை ஓட்டிக்கொண்டு லிபியப் பாலையைத் துருவிப் பார்த்தவர். வண்டியின் எஃகு காந்த ஊசியைக் கெடுக்கிறது என்பதால் நிழலைக் கொண்டு திசை காட்டும் சூரியத் திசைகாட்டியை வண்டிக்கேற்பச் செம்மை செய்தவர். மணல் நகரும் விதம் பற்றி 1941இல் அவர் வெளியிட்ட நூலை அறிவியலார் இன்றும் புரட்டுகின்றனர். 1940 ஜூன் 10இல் இத்தாலி போரில் இறங்கியதும், தளபதி வேவலின் இசைவோடு சில வாரங்களுக்குள் நெடுந்தொலைப் பாலைக் குழுவை அமைத்தார். பெரும்பாலோர் நியூசிலாந்தின் பண்ணைக்காரர்கள். கிளேட்டனும் வந்து சேர்ந்தார்.

ஒவ்வோர் அணியிலும் ஒரு வண்டி வானொலிக்கென ஒதுக்கப்பட்டது. இதனைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். நம் பொருளின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

கருவி, பிரிட்டிஷ் படையின் 11ஆம் இலக்கக் கம்பியில்லாக் கருவி. நேரக் குறி வாங்க பிலிப்ஸ் நிறுவனத்தின் ஏற்பி ஒன்று தனியே. 1942இல் வந்த செவ்ரலே வண்டிகளில் இக்கருவிகளை மூட்டைகளின்மேல் வைத்துக் கட்டவில்லை. ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால், வண்டியுடலின் பக்கவாட்டில் ஓர் அறையே வெட்டி அமைத்து அதற்குள் பொருத்தினர். வெளிப்புறம் கீல் வைத்த கதவு. ஓடும்போது அக்கதவு மணலையும் சூட்டையும் தடுக்கும். நின்றதும் அதனைத் திறந்தால், தந்தியாளன் தரையில் ஒரு பெட்டியைப் போட்டு வண்டியின் நிழலில் அமர்ந்து வேலை செய்யலாம். வண்டிக்குள் ஏறி, துப்பாக்கிக்கும் தண்ணீர்ப் பீப்பாய்க்கும் நடுவே முடங்க வேண்டியதில்லை. வீட்டில் குர்ஆன் பலகைக்கும் விளக்குக்கும் மாடம் வைத்துக் கட்டிய நம் முன்னோர் இவ்வறையைக் கண்டிருந்தால் உடனே விளங்கிக்கொண்டிருப்பர்.

அக்காலக் கருவியின் வால்வுகளுக்குச் சில நூறு வோல்ட் மின்னழுத்தம் வேண்டும். வண்டி மின்கலமோ சில வோல்ட் மட்டுமே தரும். அதை உயர்த்தித் தரும் சுழற்கருவி மின்கலத்தை வேகமாக உறிஞ்சும். ஆதலால் வானொலிக்கென்று வேறு மின்கலங்களைச் சுமந்தனர். மற்றொரு தொல்லை எஞ்சின். பெட்ரோல் எஞ்சினின் ஒவ்வொரு பொறியும் ஒரு சிறு வானொலி நிலையம். 1888இல் ஹெர்ட்ஸ் தம் அலைகளை உண்டாக்கியதே மின்பொறியால்தான். எஞ்சின் ஓடும்போது காதுக்குழலில் வெடிப்பொலி நிறைந்து, தொலைவிலிருந்து வரும் மெலிந்த தந்தியொலி அதில் மூழ்கிவிடும். எஞ்சினை நிறுத்தினால் மின்கலம் நிரம்பாது. பேசும் நேரத்தைச் சுருக்குவதொன்றே வழி. அதனால் குரலை விடுத்து மோர்ஸ் தந்திக் குறியைக் கொண்டனர்.

ஏரியலும் அவ்வாறே. வண்டியில் நட்ட ஆறடிக் கோல் அருகிலுள்ள வண்டியோடு பேச மட்டும் உதவும். அக்கருவி பயன்படுத்திய அலைகளில், 6 மெகாஹெர்ட்ஸ் என்று கொண்டால், அரை அலையின் நீளமே 25 மீட்டர். எந்த வண்டியும் அத்துணை நீளக் கம்பியைத் தாங்காது. ஆகவே மாலையில் வண்டிகள் நின்றதும் இரு கம்பங்களை நட்டு இடையே கம்பியை இழுத்துக் கட்டினர். அலை வானத்தின் மின்னணு மண்டலத்தில் பட்டுத் திரும்பி, நடுவிலுள்ள நிலத்தைத் தாண்டித் தொலைவில் இறங்கும். பகலுக்கு ஓர் அலைநீளம், இரவுக்கு மற்றொன்று. சில பத்து மைலுக்கென்று செய்த கருவி, கணக்கறிந்தவர் கையில் ஆயிரம் மைலுக்கும் எட்டியது. பாக்னோல்டு தந்தித் தொடர்பு அறிந்த அதிகாரியாக இல்லாதிருந்தால் இது நடந்திருக்குமா என்பது நமக்கு ஐயமே.

வண்டியைப் பற்றியும் ஒரு சொல். நான்கு சக்கரமும் இழுக்கும் ஃபோர்டு வண்டிகளை 1941இல் இவர்களுக்குத் தந்தனர். மணலில் அவை நன்றாக ஏறின. ஆனால் எடை மிகுதி, பெட்ரோல் வேட்கையும் மிகுதி. மறுஆண்டு வந்த செவ்ரலேக்கு இரு சக்கர இழுவைதான். அவர்கள் அதையே விரும்பினர். சுமக்கும் பெட்ரோலே பயணத்தின் எல்லை என்ற நிலையில், மணலில் புதைந்த வண்டியை இரும்புத் தகடிட்டு மீட்கும் உழைப்பை அவர்கள் பெரிதாகக் கருதவில்லை. இன்றைய ஃபோர் வீல் டிரைவ் பெருமையாளர்க்கு இது சற்று உறுத்தலாம்.

இக்கருவி எதற்குப் பயன்பட்டது என்பதை மறைக்க வேண்டியதில்லை. போருக்கே பயன்பட்டது. 1942 மார்ச் முதல் ஜூலை வரை, லிபியக் கடலோரச் சாலையருகே இருவர் இருவராகப் பகலிரவு பதுங்கிக் கிடந்து, கடந்துசென்ற பகைவர் வண்டி ஒவ்வொன்றையும் எண்ணினர். அவசரச் செய்திகளை மறைவிடத்து வானொலி வண்டி உடனே கெய்ரோவுக்கு அனுப்பிற்று. பேரரசுகள் இரண்டு பொருதிய அப்பாலை மூன்றாமவருக்குச் சொந்தமானது என்பதை அந்நூல்கள் ஓரிரு வரியில் கடந்து போகின்றன. நாம் அவ்வாறு கடந்துவிட விரும்பவில்லை. 1951 டிசம்பர் 24இல்தான் லிபிய மக்களுக்கு விடுதலை வந்தது.

கிளேட்டனுக்கு வருவோம். 1941 ஜனவரி 11இல் முர்ஸுக் கோட்டையைத் தாக்கிவிட்டுக் குஃப்ராவை நோக்கி வந்த அணிக்கு அவரே தலைவர். ஜனவரி 31இல் குஃப்ராவுக்குத் தெற்கே ஜபல் ஷரீஃபில் இத்தாலிய மோட்டார்ப் படை விமானங்களோடு வந்து வளைத்துக்கொண்டது. வண்டிகள் சில எரிந்தன. அகதிகளை மீட்ட அந்தக் கிளேட்டன் காயமுற்றுச் சிறைப்பட்டார். எஞ்சிய வண்டிகள் பின்வாங்க, மூர் என்பவரும் இன்னும் மூவரும் மலையிடுக்கில் விடுபட்டனர். வண்டி போயிற்று, வண்டியோடு வானொலியும் போயிற்று. ஆயிரம் மைல் எட்டும் தந்தியின் காலத்தில் வாழ்ந்த அந்நால்வரும் ஒரே நொடியில் 1931க்குத் திரும்பிவிட்டார்கள். ஒரு தகரத்தில் எட்டு லிட்டருக்கும் குறைவான நீர். அதனைக் கொண்டு தெற்கே சக்கரத் தடம் பற்றி நடந்தனர். வழியிலிருந்த ஸாரா கிணற்றை இத்தாலியர் தூர்த்துவிட்டிருந்தனர். காலில் காயத்தோடு நடந்த மூர், பத்தாம் நாள் 210 மைல் கடந்த நிலையில் பிரெஞ்சுப் படையினர் கண்ணில் பட்டார். மீட்கப்பட்டவருள் ஈஸ்டன் என்பவர் பிழைக்கவில்லை. குஃப்ரா ஒரு மாதத்தில், மார்ச் 1இல், பிரெஞ்சுத் தளபதி லெக்லேரிடம் வீழ்ந்தது.

இவையெல்லாம் பழங்கதை என்று நூலை மூடிவிட எண்ணினோம். ஆனால் 2022 ஜூன் இறுதியில் வந்த செய்தி ஒன்று மூட விடவில்லை. சாட் நாட்டிலிருந்து லிபியாவுக்கு வந்துகொண்டிருந்த வண்டியொன்று குஃப்ராவுக்குத் தென்மேற்கே சுமார் 320 கிலோமீட்டரில் நின்றுபோயிற்று. 20 பேரின் உடல்கள் அருகே கிடந்தன. தாகத்தால் மாண்டவர்கள். அவர்களுடைய கைப்பேசியிலிருந்து கடைசி அழைப்பு சென்றது ஜூன் 13இல். மீட்புக் குழுவினர் உடல்களைக் கண்டது இரு வாரம் கழித்து. மூரும் தோழரும் நடந்தது ஏறக்குறைய இதே திசையில்தான். கைப்பேசி, கோபுரம் உள்ளவரை பேசும். கோபுரம் இல்லாத மணலில் அது கண்ணாடித் துண்டு. செயற்கைக்கோள் இடம் காட்டும் கருவி நாம் நிற்கும் இடத்தை நமக்குச் சொல்லும். அல்பிரூனி கிரகணத்துக்காகக் காத்திருந்து பெற்றதை அது கணத்தில் தந்துவிடுகிறது. அதைப் பிறருக்குச் சொல்லும் வேலை அதனுடையதன்று.

மாணவர் விடுப்பு முடிந்து விடைபெற வந்தபோது இச்செய்தியை அவரிடம் படித்துக் காட்டினோம். முன்பே அறிந்திருந்தார். அவருடைய பணிமனையில் இது குறித்துப் பேசியிருக்கின்றனர். “கருவியைப் பொருத்தி முடித்ததும் நானே வண்டியை ஓட்டிக்கிட்டு வெளியே போவேன், ஹஜ்ரத். ஐம்பது கிலோமீட்டர் போய் நின்னு கூப்பிடுவேன். பதில் வந்தாத்தான் தாளில் கையெழுத்துப் போடுவேன்” என்றார். கருவி நன்றாயிருந்தும் கூப்பிடாமல் ஒருவன் இருந்துவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டோம்.

மாலை ஆறு மணிக்கு வெளியே உள்ள வண்டிகளெல்லாம் நிலையத்தை அழைத்துத் தாம் நிற்கும் இடத்தைச் சொல்ல வேண்டுமாம். ஏழு மணி வரை குரல் வராத வண்டியின் பெயரைப் பலகையில் சிவப்பு மையால் எழுதிவிட்டு, அதன் கடைசி இடத்தை நோக்கி இரண்டு வண்டிகள் தண்ணீரோடு புறப்பட்டுவிடும் என்றார்.